கீழூர் வாக்குப் பெட்டியும் காந்தத் துண்டும்

புதுச்சேரியிலிருந்து மேற்கே வில்லியனூரைத் தாண்டிச் சென்றால், வயல்களுக்கு நடுவே கீழூர் என்னும் சிற்றூரைக் காணலாம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 16ஆம் நாள் அங்குள்ள நினைவிடத்தில் தேசியக் கொடி ஏற்றப்படுகிறது. மற்ற நாள்களில் அவ்வழியே செல்லும் பேருந்துப் பயணிகள்கூட அதை அதிகம் கவனிப்பதில்லை. ஆயினும் இந்த வட்டாரத்து மக்களின் வரலாறு அவ்விடத்தில்தான் திரும்பியது. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அங்கு 178 பேர் வாக்களித்தனர். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணையலாம் என்று 170 பேரும், கூடாது என்று 8 பேரும் கருத்துத் தெரிவித்தனர். மூன்று நாள்கள் கழித்துப் புதுதில்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

சென்ற ஆண்டு வகுப்பில் நிகழ்தகவு பற்றிய பாடத்தின்போது இந்த எண்களை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "178 பேர் சொன்னதை மூன்று லட்சம் பேர் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா, சார்?" என்று கேட்டார். பாட நேரம் முடியும் தறுவாயில் இருந்ததால், "நாளை பார்ப்போம்" என்று கூறி வந்துவிட்டேன். அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். மனிதர்களின் கருத்து எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு ஒருங்கே திரும்புகிறது, அக்கருத்து அவர்களை எவ்வாறு ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்கிறது ஆகியவற்றைக் கணிதத்தால் ஆராய முயன்ற அறிஞர்களின் வரலாறும் இதில் கலந்துள்ளது.

சமுதாயத்திலிருந்து வாயுவுக்கு

கருத்துகளை எண்ணிப் பார்ப்பதில் கணிதம் தலையிட்டது அண்மையில் நிகழ்ந்ததன்று. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785ஆம் ஆண்டில், பெரும்பான்மை முடிவு சரியாக இருப்பதற்கான நிகழ்தகவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொருவரும் தவறுவதைவிடச் சரியாகச் சொல்வதற்கே சற்று அதிக வாய்ப்பு உண்டு என வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாக்களிப்போர் எண்ணிக்கை கூடக்கூட, பெரும்பான்மையின் முடிவு சரியாக இருக்கும் நிகழ்தகவு ஒன்றை நெருங்கும் என்று அவர் காட்டினார். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் பிறரைப் பாராமல் தாமாகவே முடிவெடுத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரை முழுதும் அது நம்மோடு வரும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே 1835ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பிறப்பு, இறப்பு, குற்றம், திருமணம் ஆகியவற்றின் எண்ணிக்கைகள் ஆண்டுக்காண்டு வியக்கத்தக்க அளவு நிலையாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். தனி மனிதன் எப்போது என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு லட்சம் பேரின் சராசரியைச் சொல்லலாம் என்பது அவர் கருத்து. இத்துறையைச் 'சமுதாய இயற்பியல்' என்றே அவர் அழைத்தார்.

இயற்பியல் மாணவர்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. கெத்தலேயின் கருத்துகளைப் பற்றி வானியலறிஞர் ஜான் எர்ஷல் 1850இல் ஒரு மதிப்புரை எழுதினார். அதை இளைஞர் மாக்ஸ்வெல் படித்தார். பத்தாண்டுகளுக்குப் பின், வாயு மூலக்கூறுகளின் வேகங்கள் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதற்கான தமது புகழ்பெற்ற விதியை அவர் வெளியிட்டபோது, அதே வகையான புள்ளியியல் சிந்தனையைக் கையாண்டார். ஆகவே மனிதக் கூட்டத்தை மூலக்கூறுக் கூட்டத்தோடு ஒப்பிடுவது இயற்பியலார் செய்த அத்துமீறல் அன்று. மனிதர்களை எண்ணிப் பழகிய முறைதான் முதலில் வாயுவுக்குச் சென்றது. பின்னர் காந்தத்தின் வழியாக மனிதர்களிடமே திரும்பி வந்தது.

காந்தத் துண்டில் ஓர் ஊர்

ஓர் இரும்புத் துண்டில் கோடிக்கணக்கான அணுக் காந்தங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மட்டுமே நிற்கும் என்று எளிமையாகக் கொள்வோம். அண்டையில் உள்ளவை எப்பக்கம் நிற்கின்றனவோ அப்பக்கமே நிற்க ஒவ்வொன்றும் விரும்பும். வெப்பம் அவற்றைக் குலுக்கி, மனம்போன போக்கில் திருப்பும். வெளியிலிருந்து செயற்படும் காந்தப்புலம் எல்லாவற்றையும் ஒரே பக்கம் இழுக்கும். ஜெர்மன் அறிஞர் லென்ஸ் 1920இல் இந்த மாதிரியை முன்வைத்துத் தம் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் ஆராயக் கொடுத்தார். ஐசிங் 1925இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றமளித்தது. அணுக்கள் ஒரே வரிசையில் நின்றால், எவ்வளவு குளிர்வித்தாலும், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல், அவை தாமாக ஒருங்கே ஒரு பக்கம் திரும்புவதில்லை. 1936இல் பையர்ல்ஸ், அணுக்கள் ஒரு தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருந்தால் அவை ஒருங்கே திரும்பும் என்று காட்டினார். 1944இல் ஒன்சாகர் அதற்கு முழுமையான தீர்வு கண்டார்.

வரிசைக்கும் தளத்துக்கும் ஏன் இந்த வேறுபாடு? வரிசையில் ஒருவர் மாறி நின்றாலே தொடர் அறுந்துவிடும். அவருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு இப்பக்கச் செய்தி எட்டாது. தளத்திலோ ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியாகச் செய்தி சுற்றிவரும். எங்கள் நகரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் ஊர் இது. ஒரு தெருவில் கடையடைப்பு என்றால் பத்து நிமிடத்தில் எல்லாத் தெருவுக்கும் செய்தி போய்விடும்.

ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியலறிஞர் வோல்ப்காங் வைட்லிக் 1971இல் இந்தக் காந்த மாதிரியைச் சமுதாயக் கருத்துக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். அணுவின் இடத்தில் மனிதன். மேல், கீழ் என்பதற்குப் பதில் 'ஆம்', 'இல்லை'. அண்டை அணுக்களின் ஈர்ப்புக்குப் பதில் அண்டை வீட்டார், உறவினர், கட்சித் தோழர் ஆகியோரின் செல்வாக்கு. வெப்பநிலைக்குப் பதில் அவரவர் தன்போக்கு. புறப்புலத்துக்குப் பதில் விலைவாசி, சட்டம், செய்தித்தாள், போர் முதலியன.

இம்மாதிரி தரும் முடிவுகளில் முதன்மையானது இது: அண்டையாரின் செல்வாக்கு குறைவாக இருக்கும்போது சமுதாயத்தில் ஆம் என்பவரும் இல்லை என்பவரும் கலந்தே இருப்பர். புறப்புலம் மெல்ல மாறினால் கருத்தும் மெல்ல மாறும். செல்வாக்கு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் நிலைமை வேறாகிறது. புறப்புலம் எதிர்ப்பக்கம் மாறிய பின்னும் சமுதாயம் பழைய பக்கமே சிறிது காலம் நிற்கும்; பிறகு திடீரெனத் திரும்பும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் காந்தத் தயக்கக் கண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வளைகோடுதான் இங்கும் வருகிறது.

ஏழாண்டுத் தயக்கம்

இப்போது எங்கள் ஊர் வரலாற்றைப் பார்ப்போம். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகிய ஐந்து பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிலும் புறப்புலம் ஒரே நாளில் மாறிவிட்டது. தங்கள் எதிர்காலத்தை அப்பகுதி மக்களே முடிவு செய்வர் என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில், பிரெஞ்சு யூனியனிலேயே நீடிக்க வேண்டும் என்ற நிலையிலிருந்த எதுவார் குபேரின் கட்சி வெற்றி பெற்றது. 1949 ஜூன் 19ஆம் நாள் சந்திரநாகூரில் மட்டும் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 7,473 பேர் இந்தியாவோடு சேர்வதை ஆதரித்தனர். 114 பேர் எதிர்த்தனர்.

தெற்கே அத்தகைய வாக்கெடுப்பு நடக்கவில்லை. புறப்புலம் மட்டும் வலுத்துக்கொண்டே போயிற்று. 1949இல் இந்திய அரசு சுங்க உடன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கடுமை விளங்கும். இது ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், இந்தியக் கிராமங்களுக்கு நடுவே தீவுத் தீவாகச் சிதறிக் கிடக்கிறது. இந்த வரப்பு வரை பிரான்சு, அடுத்த வரப்பு இந்தியா என்ற நிலையில், சுங்கச் சாவடி ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.

ஆயினும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியமைப்பு அசையவில்லை. பின்னர் 1954இல் எல்லாம் சில மாதங்களில் நடந்து முடிந்தது. மார்ச் 18ஆம் நாள் புதுச்சேரிக் கொம்யூன்களின் மேயர்கள் வாக்கெடுப்பு இல்லாமலே இணைப்பு வேண்டுமென்று தீர்மானித்தனர். யூனியனில் நீடிக்க வேண்டுமென்று கூறிவந்த குபேரும் அப்பக்கம் வந்துவிட்டார். மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி பறந்தது. மே 7ஆம் நாள் இந்தோசீனாவில் தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூன் 13இல் ஏனாமும், ஜூலை 16இல் மாகேயும் பிரெஞ்சு ஆட்சியின் கையைவிட்டுப் போயின. அக்டோபரில் கீழூர் வாக்கெடுப்பு நடந்தது.

காந்தம் திரும்பும்போதும் இப்படித்தான் நடக்கிறது. துண்டு முழுதும் ஒரே கணத்தில் திரும்புவதில்லை. 'டொமைன்' எனப்படும் சிறு பகுதிகள் முதலில் ஓரிடத்தில் திரும்பும். அவற்றின் எல்லை அண்டைப் பகுதிகளுக்குள் நகர்ந்து செல்லும். நெட்டப்பாக்கம் போன்று இந்திய நிலத்தால் சூழப்பட்ட ஊர் முதலில் திரும்பியது இம்மாதிரியோடு பொருந்துகிறது. ஆனால் இதை ஓர் உவமையாகத்தான் கொள்ள வேண்டும். 1948க்கும் 1954க்கும் இடையே மாதந்தோறும் மக்கள் கருத்தை அளந்தவர் யாருமில்லை. அளக்காத ஒன்றுக்கு வளைகோடு வரைந்தால் அது அறிவியலாகாது.

படியேறும் வாக்கு

மாணவரின் கேள்விக்கு இப்போது வருவோம். கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் ஆவர். 170ஐ 178ஆல் வகுத்தால் 95.5 விழுக்காடு வருகிறது. அப்படியானால் மக்களில் 95.5 விழுக்காட்டினர் இணைப்பை விரும்பினர் என்று சொல்லலாமா?

178 பேரையும் குடவோலை முறையில் மக்களிடையிலிருந்து குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அவ்வாறாயின் பிழை ஏறத்தாழ 3 விழுக்காடுதான் இருக்கும். ஆனால் அவர்கள் குடவோலையால் வந்தவர்கள் அல்லர், தேர்தலால் வந்தவர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் தலைவர் திரும்பிய பக்கம் சேர்ந்து திரும்பக்கூடியவர்கள். கொந்தோர்சே விதித்த நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. ஒருவர் சொல்லைக் கேட்டு இருபது பேர் கை தூக்கினால், அங்கே இருபது கருத்துகள் இல்லை, ஒன்றுதான் உண்டு.

பிரெஞ்சு இயற்பியலறிஞர் செர்ழ் கலாம் 1980களில் படிப்படியாக நடக்கும் தேர்தல்களை ஆராயத் தொடங்கினார். அவரது முறையை ஒரு தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். மக்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒவ்வொரு மூவரும் தம்முள் பெரும்பான்மைக் கருத்துடைய ஒருவரை அனுப்பட்டும். அப்படி வந்தவர்களை மீண்டும் மூவர் மூவராகப் பிரித்து அடுத்த படிக்கு அனுப்புங்கள். அடியில் ஆதரவாளரின் பங்கு 'ப' என்றால், அடுத்த படியில் அது 3ப² − 2ப³ ஆகும். ப என்பது 0.60 என வைத்துக் கணக்கிடுவோம்.

மக்களிடையே: 60 விழுக்காடு
முதற்படியில்: 65
இரண்டாம் படியில்: 72
மூன்றாம் படியில்: 80
நான்காம் படியில்: 90
ஐந்தாம் படியில்: 97

அடியில் நூற்றுக்கு நாற்பது பேர் எதிர்த்தும், உச்சியில் அவர்களுடைய குரல் மூன்றாகத் தேய்ந்துவிட்டது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் நேர்மையான பெரும்பான்மைதான் வென்றது. எனவே கீழூரின் 95.5 விழுக்காட்டைக் கொண்டு, மக்களில் பெரும்பான்மையோர் இணைப்பை விரும்பினர் என்று கருத இடமுண்டு. எவ்வளவு பெரும்பான்மை என்று சொல்ல இடமில்லை. சந்திரநாகூரில் நேரடி வாக்கே 98.5 விழுக்காடு ஆதரவு காட்டியதால், இங்கும் பெரும்பான்மை பெரிதாகவே இருந்திருக்கலாம். எனினும் கொல்கத்தாவின் அருகிலுள்ள ஊரின் மனநிலையை, சைகோனிலும் ரெயூனியனிலும் உறவினர் வைத்திருந்த ஊரின் மனநிலையாகக் கொள்ள முடியாது.

கலாமின் மாதிரியில் இன்னொரு பாடமும் உண்டு. மூவருக்குப் பதில் நால்வர் கூடுவதாகக் கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு எனச் சமமாக வந்தால், 'இருப்பது இருக்கட்டும்' என்று விட்டுவிடுவது வழக்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாற்றத்தை விரும்புவோர் 70 விழுக்காடு இருந்தாலும், அவர்கள் பங்கு படிக்குப்படி 65, 57, 42, 20 எனத் தேய்ந்து ஐந்தாம் படியில் 3க்கு வந்துவிடும். மாற்றம் வெல்ல வேண்டுமானால் அடியிலேயே 77 விழுக்காடு ஆதரவு வேண்டும். சமநிலையில் என்ன செய்வது, பேசாதவரை எப்பக்கம் சேர்ப்பது என்ற சிறு விதி, லட்சக்கணக்கானோரின் விருப்பத்தைப் புரட்டிப்போட வல்லது. இந்த உண்மையை எங்கள் ஊர் எட்டாண்டுகளுக்குப் பின் நேரிலேயே கண்டது.

ஆறு மாத மௌனம்

1956 மே 28ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பற்றி அதில் ஒரு விதி உண்டு. இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு விதி நேர்மாறானது. அவர்கள் பேசாதிருந்தால் பிரெஞ்சுக்காரர். இந்தியராக விரும்பினால்தான் எழுதித்தர வேண்டும். திருமணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்காகத் தந்தையின் கையெழுத்தே முடிவு செய்தது.

1961 கணக்கெடுப்பின்படி நான்கு பகுதிகளிலும் 3,69,079 பேர் இருந்தனர். ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தனர். மற்றவர்கள் பேசாதிருந்து இந்தியராயினர். ஒரே மௌனம் புதுச்சேரியில் ஒருவரை இந்தியராக்கியது, சைகோனில் இன்னொருவரைப் பிரெஞ்சுக்காரராக்கியது.

அந்த 5 ஆயிரம் பேர் மக்களிடையே சீராகப் பரவியிருக்கவில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்கள், அரசு ஊழியர்கள், 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் குலவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் ஆகியோரிடையே அவர்கள் கொத்துக் கொத்தாக இருந்தனர். இக்கொத்துகளை விளக்க, அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் தந்த மாதிரி உதவுகிறது.

ஒளிமின் விளைவில் பயன்தொடக்க அதிர்வெண் என்று படித்திருப்பீர்கள். அதற்குக் குறைந்த அதிர்வெண் உடைய ஒளி எவ்வளவு பட்டாலும் எலக்ட்ரான் வெளிவராது. மனிதர்களுக்கும் அதுபோல் ஒரு பயன்தொடக்க எண் உண்டு என்றார் அவர். 'எத்தனை பேர் செய்தால் நானும் செய்வேன்' என்பதே அந்த எண். நூறு பேர் உள்ள தெருவில் அவ்வெண்கள் 0, 1, 2, 3 என்று 99 வரை இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் யாரையும் பாராமல் புறப்படுவார். அவரைக் கண்டு இரண்டாமவர், இருவரைக் கண்டு மூன்றாமவர் என்று தெருவே கிளம்பிவிடும். இப்போது 1 என்ற எண்ணுடையவருக்கு மட்டும் அதை 2 என்று மாற்றுங்கள். முதலாமவர் புறப்படுவார், அவரைப் பின்தொடர ஒருவரும் இல்லை. இரு தெருக்களின் மனநிலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றில் நூறு பேர் கிளம்பினர், மற்றதில் ஒருவர் மட்டுமே.

இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. அவரும் அவருடைய அண்ணனும் இரண்டு கல் தொலைவில் வேறு வேறு தெருக்களில் குடியிருந்தனர். பெரிய தாத்தா பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அவர் தெருவில் அவரைப் போன்ற 'சொல்தா'க்கள் பலர். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கையெழுத்திட்டனர், அவரும் இட்டார். தாத்தாவும் அப்படிச் செய்யத்தான் நினைத்திருக்கிறார். "கையெழுத்துப் போடலாம்னு சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். தெருவுல ஒருத்தரும் போகல. திண்ணையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் சட்டையைக் கழட்டிட்டேன்" என்று அவர் சொல்வார். அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் பரம்பரை பாரிசுக்கு அருகே வாழ்கிறது. மற்றவர் பேரன் புதுச்சேரியில் தமிழ்வழியில் படித்து இக்கட்டுரையை எழுதுகிறேன். இருவருக்கும் நாட்டுப்பற்றில் வேறுபாடு இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் கருதியதில்லை. அவர்கள் குடியிருந்த தெருக்கள்தாம் வேறு.

ஊர் பெயரும் கணக்கு

கருத்து மாற்றம் இடப்பெயர்ச்சியாக முடிவதற்கும் கணித மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் வாழ்ந்த ரேவன்ஸ்டைன் 1885இல் மக்கள்தொகைக் கணக்குகளை ஆராய்ந்து, இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தொலைவே செல்கின்றனர் என்றும், ஒவ்வொரு பெருக்கும் ஓர் எதிர்ப்பெருக்கை உண்டாக்குகிறது என்றும் கூறினார். 1946இல் சிப்ப், இரு நகரங்களுக்கிடையே போக்குவரத்து அவற்றின் மக்கள்தொகைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்றார். நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒத்த விதி இது.

இந்த விதிகள் புதுச்சேரிக்குப் பாதிதான் பொருந்துகின்றன. இங்கிருந்து விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் சென்னைக்கும் சென்றவர்கள் விதிப்படி சென்றனர். சைகோனுக்கும் பின்னர் பிரான்சுக்கும் சென்றவர்கள் தொலைவைப் பொருட்படுத்தவில்லை. வைட்லிக்கும் அவருடைய மாணவர் ஹாகும் 1983இல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி காட்டினர். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் நிகழ்தகவு, அவ்விரு இடங்களின் 'பயன்பாட்டு' வேறுபாட்டைப் பொறுத்தது என்றும், ஓர் இடத்தின் பயன்பாடு அங்கே ஏற்கெனவே சென்றுள்ளவர்களின் எண்ணிக்கையோடு கூடும் என்றும் அவர்கள் கொண்டனர். அதாவது நம்மவர் இருக்கும் ஊர், தொலைவிலிருந்தாலும் அருகில் உள்ள ஊரே. முதல் பத்துப்பேர் செல்வது கடினம். நூறாவது ஆளுக்கு வழி தெரியும், தங்க வீடு தெரியும், வேலை தருபவரின் பெயரும் தெரியும்.

ரேவன்ஸ்டைன் சொன்ன எதிர்ப்பெருக்கையும் இங்கே பார்க்கலாம். ஓய்வுபெற்ற பின் ஊர் திரும்பியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14ஆம் நாள் பதக்கங்களை அணிந்து நகரத் தெருக்களில் அணிவகுத்துச் செல்லும் காட்சி எங்கள் ஊருக்கே உரியது. 2022ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கிருந்தபடியே வாக்களித்தனர்.

கணக்குக்குள் அடங்காதவை

இம்மாதிரிகளை வியந்து பாராட்டும்போதே அவற்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசென்றது. தொடர்ந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறினர். போகும் இடம் எது, எவ்வளவு தொலைவு என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது. கங்காணியின் வாய்ச்சொல்லும் வீட்டின் பசியும் அவர்களைக் கொண்டுபோயின. இவர்களின் பயணத்தை இரு ஊர்களின் பயன்பாட்டு வேறுபாடு என்று சமன்பாட்டில் எழுதலாம். எண்ணிக்கை பொருந்தக்கூடப் பொருந்தலாம். ஆனால் தேர்ந்தெடுத்துச் சென்றவரையும் ஏமாற்றிக் கொண்டுசெல்லப்பட்டவரையும் அச்சமன்பாடு பிரித்துக் காட்டாது.

1962இல் கையெழுத்திடாத லட்சக்கணக்கானோருக்கும் இது பொருந்தும். அவர்களில் இந்தியராக மனமார விரும்பியவர் உண்டு. விதியே தெரியாதவர் உண்டு. என் தாத்தாவைப் போல் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தவரும் உண்டு. எண்ணும்போது மூவரும் ஒன்றே. அணுவுக்கு மேல், கீழ் என்ற இரண்டு நிலைகள் போதும். மனிதனுக்குத் தயக்கம் என்ற மூன்றாம் நிலையும் உண்டு. அதைச் சேர்த்துக்கொள்ளும் மாதிரிகளையும் இன்று ஆய்வாளர் உருவாக்கி வருகின்றனர்.

மறுநாள் வகுப்பில் மாணவருக்கு நான் சுருக்கமாகச் சொன்ன விடை இதுதான்: "178 பேர் மூன்று லட்சம் பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைக் காட்டலாம். எவ்வளவு சாய்ந்தார்கள் என்பதைக் காட்ட முடியாது. அதை அறிய வேண்டுமானால் எல்லோரையும் கேட்டிருக்க வேண்டும்." அவர் சற்று யோசித்துவிட்டு, "கேட்டிருந்தாலும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தானே சார் சொல்லியிருப்பாங்க?" என்றார். வகுப்பு சிரித்தது. கொந்தோர்சேயின் நிபந்தனையை அவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லி, அவர் பெயருக்கு நேரே கரும்பலகையில் ஒரு மதிப்பெண் எழுதினேன்.

கீழூர் நினைவிடத்தை இதுவரை காணாதவர்கள் ஒருமுறை சென்று பாருங்கள். போகும் வழியில் உங்கள் வீட்டு மூத்தோரிடம் 1954ஐயும் 1962ஐயும் பற்றிக் கேளுங்கள். அன்று உங்கள் தெருவில் யார் முதலில் புறப்பட்டார், யார் புறப்படவில்லை, ஏன் என்று குறித்துவையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்துவிட்டனர். எந்த மாதிரிக்கும் முதலில் வேண்டியவை அளவீடுகள். எங்கள் ஊரின் அளவீடுகள் இன்னும் சில திண்ணைகளில் மிச்சமிருக்கின்றன.